திங்கட்கிழமைக்குச் சுட்ட கேக்

இல்ல சார், ஒழுகல. ஐஸ் உருகுது, அவ்வளவுதான். உங்க பை நனையாது, நான் மடியிலயே வச்சுக்கறேன். ம்? ஆமா, கேக்தான். பிளம்ஸ் கேக். தட்டோட அப்படியே டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். எங்க பவேரியாவுல டாட்ஷின்னு சொல்லுவோம். நீங்க ஜெர்மனியோட வடக்குப் பக்கம்னு பேச்சுலயே தெரியுது. ஆல்ட்டோட்டிங் மாதாவைப் பாக்கவா? அதான் கைத்தடியோட கிளம்பியிருக்கீங்க.

ஒரு துண்டா? மன்னிச்சுக்குங்க சார். வேற எதுன்னாலும் குடுத்திருப்பேன். பையில ரொட்டி இருக்கு, வேணும்னா எடுத்துக்குங்க. இதுல மட்டும் கை வைக்க முடியாது.

அட, சிரிக்கறீங்க. கஞ்சத்தனம் இல்ல சார். சொல்றேன். வண்டி இப்ப கிளம்பாது. ஒத்தை லைன்தானே, எதிர்ல வர்றது வந்து தாண்டினாத்தான் நமக்கு வழி. இந்த டூஸ்லிங் ஸ்டேஷன்ல நின்னு நின்னே என் பாதி ஆயுசு போயிருக்கு.

பிறந்த நாளும் இல்ல, கல்யாண நாளும் இல்ல. இது தப்பு கேக். எங்க பேக்டரியில ஒரு வழக்கம் உண்டு. யார் கையால ஒரு சரக்கு கெட்டுப் போகுதோ, அந்த ஆள் மறுநாள் கேக் சுட்டுக் கொண்டு வரணும். வந்து காபி மெஷின் பக்கத்துல வச்சுட்டு ஓரமா நின்னுக்கணும். வாயைத் தொறந்து எதுவும் சொல்ல வேண்டாம். எல்லாரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துத் தின்னுட்டா, அந்தத் தப்பு அதோட தீர்ந்துது. அப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது. முதுகுக்குப் பின்னாலகூட. ஒரு தடவை எங்க மேனேஜரே ஒரு சரக்கைக் கெடுத்துட்டு, கடையில வாங்கின கேக்கைக் கொண்டு வந்து வச்சார். டாக்டர் ஆக்லைட்னர்னு பேரு, பெரிய படிப்பு. ஒருத்தரும் தொடல. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்துச்சு, ஈ மொய்ச்சுது. மறுநாள் மனுஷன் வீட்டுலயே சுட்டு எடுத்துட்டு வந்தார், அடி கருகிப் போய். தின்னோம். தீர்ந்துது.

அதுலருந்து அவரும் அந்த வழக்கத்தை நல்லாப் புடிச்சுக்கிட்டார். கேக் வந்தா ஆள் தப்பு, வரலைன்னா சரக்கு தப்புன்னு சொல்லுவார். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவார். ஆனா அதை வச்சுத்தான் முடிவும் எடுப்பார். எங்க ஆளுங்க தப்பு பண்ணிட்டு கேக் கொண்டு வராம இருக்க மாட்டாங்கன்னு அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாங்க பண்றதா? குழாய் சார். அதாவது, குழாய்க்கான சரக்கு. மாசம் நிறையாம பொறக்குற குழந்தைங்களுக்கு மூக்கு வழியா ஒரு குழாய் விட்டுப் பால் குடுப்பாங்க பாருங்க, நூல் கணக்கா, அது. சிலிக்கோன் மட்டும்னா மெத்துன்னு இருக்கும், ஆனா அவ்வளவு மெல்லிசா இழுத்தா கிழியும். அதனால அதோட இன்னொண்ணைக் கோக்கணும், கெட்டியான ஒண்ணு. இதுல ஒரு துண்டு, அதுல ஒரு துண்டு, மாத்தி மாத்தி ஒரே சங்கிலியா. இந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு திரும்பிக்கூடப் பாக்காது. எண்ணெயும் தண்ணியும் மாதிரி. ரெண்டையும் கரைச்சு ஒரு இடத்துல வச்சிருக்க நடுவுல ஒரு திரவம் வேணும். கரைப்பான். சங்கிலி சேந்த பிறகு அதைச் சூடு பண்ணி உறிஞ்சி எடுத்துடுவோம். அதோட வேலை முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு சொல்றேன். முழுசா எங்க போகும்? கொஞ்சம் உள்ள தங்கும்.

இத்தனை வருஷமும் டொலுவீன்தான். பெயிண்ட் கடை வாசம் இருக்குல்ல, அது. சட்டையில இருக்கும், முடியில இருக்கும், காலையில எந்திரிச்சா தலையணையில இருக்கும். நான் சேந்த காலத்துலயே, கொதிகலன் கூடத்துல வேலை பாக்குற பொம்பளைங்ககிட்ட, பிள்ளை பெத்துக்கற எண்ணம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, வேற கூடத்துக்கு மாத்திடறோம்னு சொல்லுவாங்க. நல்ல எண்ணத்துலதான். எல்லாரும் தலையாட்டுவாங்க. இர்மி மட்டும் ஆட்டல. அவதான் அந்தக் கூடத்தோட கலவைக்காரி, இர்மெங்கார்ட்னு முழுப் பேரு, யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. பிள்ளை பெத்துக்கறவ பக்கத்துல இருக்கக் கூடாத சாமானை, பொறந்த பிள்ளையோட மூக்குக்குள்ள விடற குழாய்க்கு ஏன்யா ஊத்தறோம்னு கேட்டா. எடுத்துடறோமேன்னாங்க. எடுத்துட்டா சரி, எடுத்துட்டீங்களான்னு கேட்டா. கணக்குப்படி அனுமதிச்ச அளவுக்குக் கீழதான் இருந்துச்சு, அது உண்மை. அவளும் இல்லைன்னு சொல்லல. ஆனா விடல.

அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒவ்வொண்ணா கரைச்சுப் பாத்தா சார். ஒண்ணு சிலிக்கோனைக் கரைக்கும், மத்ததைக் கரைக்காது. ஒண்ணு ரெண்டையும் கரைக்கும், ஆனா வெளிய வராது, பிசாசு மாதிரி உள்ளயே ஒட்டிக்கும். கடைசியில ஒண்ணு கெடச்சுது. மக்காச்சோளத் தட்டை, மணி உதிர்த்த கதிர், அதுலருந்து எடுக்கறது. நம்ம ஜன்னல் வழியாத் தெரியுது பாருங்க, அந்த மாதிரி காட்டுலருந்து. தீப்புடிக்கும், அதுக்குன்னு ஜாக்கிரதை வேணும், தண்ணி மாதிரி சாது ஒண்ணும் இல்ல. ஆனா டொலுவீனுக்கு எவ்வளவோ மேல். தங்காமயும் போகும்.

கொதிகலன் பாத்துக்கற கோர்பினியன் விடுவானா? காலையில கூடத்துக்குள்ள நொழையும்போதே, என்ன இர்மி, இன்னைக்கும் மாட்டுத் தீவனத்துலதான் சமையலாங்கறது. இவ, ஆமா, உனக்கும் ஒரு வாளி எடுத்து வச்சிருக்கேன், தொட்டி கழுவி வைங்கறது. தினமும் இதேதான். ஒருநாள் அவன் கிண்டல் பண்ணலைன்னா, உடம்பு சரியில்லையாடான்னு கேப்பா.

சின்னக் குடுவையில சரியா வந்துச்சு. நடுத்தரத்துலயும் வந்துச்சு. நான் எங்க வர்றேன்னா, நான் இழுத்துப் பாக்கறவன். சரக்கைப் பட்டையா வார்த்து, ரெண்டு பக்கமும் கவ்விப் புடிச்சு, அறுந்து போற வரைக்கும் மெஷின்ல இழுப்பேன். இந்த வயசு வரைக்கும் நான் பாத்த உத்தியோகம் இதான் சார், எது எப்ப அறுந்து போகும்னு பாக்கறது. அவளோட சோளச் சரக்கு பழசை விட நல்லாவே தாங்குச்சு. நான் எண்ணைச் சொன்னேன், அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. ரொம்ப சந்தோஷம்னா அப்படித்தான் பண்ணுவா.

அப்புறம் பெரிய கொதிகலன். முதல் தடவை, அதுவும் குழாய் வாங்கற கம்பெனியில இருந்து ஆளுங்க வந்து பாத்துக்கிட்டு நிக்கறப்ப. போன மாசக் கடைசி. மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஓயவே இல்ல.

கெட்டுப் போச்சு. பட்டையை மாட்டி இழுக்க ஆரம்பிச்ச உடனே, நனைஞ்ச ரொட்டி மாதிரி விட்டுடுச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா உள்ள பொடிப் பொடியா குமிழி. திரும்ப மாட்டினேன். திரும்ப அதே. அந்தக் கம்பெனிக்காரங்க கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டாங்க. அதுதான் ரொம்ப சங்கடமா இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம், வெள்ளிக்கிழமை, சைக்கிள் கொட்டகையில பூட்டைத் திறந்துக்கிட்டே சொன்னா. நான் தண்ணி பாக்கல.

என்ன தண்ணின்னேன்.

டிரம்முல தண்ணி இருக்கான்னு பாக்கணும்ல, பாக்கல.

உங்களுக்குப் புரியணும்னா இதைச் சொல்லணும் சார். டொலுவீன்ல தண்ணி சேராது. ஒரு சொட்டு போனாலும் கலங்கும், இல்ல அடியில போய் உக்காந்துக்கும். கண்ணாடி வழியா ஒரு பார்வை பாத்தாப் போதும், தெளிஞ்சிருந்தா சுத்தம்னு அர்த்தம். இந்தச் சோளத்து திரவம் அப்படி இல்ல. தண்ணியை உள்ள இழுத்து மறைச்சு வச்சுக்கும். பாத்தா பளிங்கு மாதிரி இருக்கும். அந்தக் கெட்டிச் சரக்குக்குத் தண்ணி ஆகவே ஆகாது, சங்கிலி சேர வேண்டிய இடத்துல தண்ணி போய் உக்காந்துக்கும், நுரைச்சு வேற வரும். அதனால டிரம்மைத் திறக்கறப்பல்லாம் மெஷின்ல ஒரு சொட்டு விட்டுத் தண்ணி எவ்வளவுன்னு பாக்கணும். கண்ணை நம்பாதேன்னு பெரிய எழுத்துல எழுதி சுவத்துல ஒட்டினதே அவதான்.

வெளி முற்றத்துல நிமிர்த்தி வச்ச டிரம் அது. பகல்ல சூட்டுக்கு மூச்சு விடும், ராத்திரி குளிர்ந்தா உள்ள இழுக்கும். மேல்மூடியில தேங்கி நின்ன மழைத் தண்ணியையும் சேத்து இழுத்திருக்கு. இவ திறந்தா. கண்ணாடியில பாத்தா. தெளிவா இருந்துச்சு. ஊத்திட்டா. அத்தனை வருஷத்துக் கைப்பழக்கம் சார். ஆளுங்க பாத்துக்கிட்டு நிக்கறாங்கங்கற பதட்டத்துல புத்தி ஒதுங்கிக்கிட்டு கை முன்னால வந்துடுச்சு. எங்களை மாதிரி ஆளுங்கதான் அந்தத் தப்பைப் பண்ண முடியும். புதுசா சேந்தவன் பண்ணியிருக்க மாட்டான், அவன் சுவத்தைப் பாத்துப் பண்ணியிருப்பான்.

அழுதாளாவா? இல்ல. சிரிச்சா. கோர்பினியனுக்கு இனிமே வாழ்நாளுக்கும் தீவனம் இருக்குன்னா. திங்கக்கிழமை கேக் கொண்டு வந்துடறேன், டாக்டருக்கும் விஷயம் புரிஞ்சிடும், அடுத்த டிரம்மை ஒழுங்கா பாத்து ஊத்துவோம்னா.

திங்கக்கிழமை கேக் வரல.

கூடத்துல யாராவது கொண்டு வருவாங்களான்னு டாக்டர் ஆக்லைட்னர் அந்த வாரம் முழுக்க காத்திருந்தாராம். நான் லீவுல இருந்தேன், கோர்பினியன் போன்ல சொன்னான். கேக் வரலைன்னதும் அவர் முடிவு பண்ணிட்டாரு. குமிழி தண்ணியால இல்ல, அந்த திரவம் பெரிய கலன்ல முழுசா வெளிய வர மாட்டேங்குது, தங்கிக் கொதிச்சுக் குமிழி விடுது, பெரிய அளவுக்கு லாயக்கில்லைன்னு. அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அவர் கேட்டது என்னன்னு தெரியுமா? இர்மி கை வச்சே கெட்டுப் போச்சுன்னா வேற யார் கையில நிக்கும்னாராம். பாருங்க சார். அவளுக்கு இருக்கற நல்ல பேருதான் அவ சரக்குக்கு எமனா வந்து நிக்குது. இன்னைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். மறுபடி டொலுவீனுக்கே போறதுன்னு கையெழுத்துப் போடறாங்க. போட்டுட்டா அவ்வளவுதான், அந்தக் கம்பெனிக்காரன் இன்னொரு தடவை கோட்டைக் கழட்டி உக்கார மாட்டான்.

அவளால வர முடியல சார். அதான் நான் எடுத்துட்டுப் போறேன்.

இது நியாயமான்னு கேக்கறீங்க. நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒருத்தி இல்லாத இடத்துல போய் அவ தப்பை மேஜை மேல வைக்கறது என்ன நியாயம்? விஷயம் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். நான் பேசாம இருந்தா அவ பேரு கடைசி வரைக்கும் வெள்ளையா இருக்கும். ஒரு சரக்கும் கெடுக்காத இர்மின்னு சொல்லுவாங்க. சோளத்து வேலையை மட்டும் மூட்டை கட்டிடுவாங்க. கேக்கை வச்சேன்னா அது பொழைக்கும், அவ கடைசியா கலக்கினது கெட்டுப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். எது அவளுக்கு நல்லது பண்றது? ரெண்டு நாளா இதே யோசனை. ஒரு தடவை காட்டிக் குடுக்கறவன் மாதிரி இருக்கு. இன்னொரு தடவை, பேசாம இருந்தாத்தான் காட்டிக் குடுக்கறதா இருக்கு.

அதுவும் நெனச்சேன் சார். நான்தான் டிரம்மைத் திறந்தேன், நான்தான் பாக்கலன்னு சொல்லிடலாம்னு. கலவைக் கூடத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க, எதையாவது சொல்லிச் சமாளிச்சுடலாம். ஆனா அவ சும்மா விட மாட்டா. யோவ், எனக்குன்னு இருந்ததே ஒரு தப்பு, அதையும் நீ எடுத்துக்கிட்டியான்னு கேப்பா. அதுமில்லாம டப்பாவைத் திறந்தாலே தெரிஞ்சு போயிடும். இருங்க, மூடியை லேசா தூக்கறேன், குளிர் போறதுக்குள்ள பாத்துக்குங்க. தெரியுதா? எல்லாரும் பிளம்ஸை ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு ஓடு வேயற மாதிரி அந்த ஓரம் வரைக்கும் அடுக்குவாங்க. இது ரெண்டு ஓரத்துலருந்தும் ஆரம்பிச்சு நடுவுல வந்து சேருது பாருங்க, ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு. எங்க ஊர்ல ஒருத்திதான் இப்படி வைப்பா. ஏன் இப்படின்னு கேட்டா, தட்டைத் திருப்ப சோம்பேறித்தனம்னு சொல்லுவா. கூடத்துல இருக்கற குருடனுக்கும் தெரியும் இது யார் கைன்னு.

ம், மறுபடியும் மூடிடறேன்.

ஆமா சார், அவளே சுட்டதுதான். சனிக்கிழமை சுட்டா. நான்தான் கொட்டை எடுத்துக் குடுத்தேன். சர்க்கரை கடைசியிலதான் தூவணும், முன்னாடியே தூவினா தண்ணி விட்டுடும்னு தனியா டப்பாவுல பட்டை போட்டுக் கலந்து வச்சா. பாருங்க, சட்டைப் பையில இருக்கு. ஞாயித்துக்கிழமை லேசா தலைவலிக்குதுன்னா. மழைக்கு இருக்கும்னேன். மாத்திரை வேணுமான்னு கேட்டேன், வேண்டாம், படுத்தா சரியாயிடும்னா. மூஞ்சியைப் பாத்தேன். தெளிவாத்தான் இருந்தா சார். நானும் கண்ணாலதான் பாத்தேன்.

மூளையில ரத்தக்குழாய்னாங்க. திங்கக்கிழமை காலையில எழுப்பறேன், எந்திரிக்கல.

என் வீட்டுக்காரிதான் சார், ஆமா. உங்ககிட்ட சொல்லாம மறைக்கணும்னு இல்ல. கூடத்துல ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா பேசிக்க மாட்டோம், அது அவ போட்ட சட்டம். அதே பழக்கத்துல வந்துடுது.

அன்னைக்கு வீடு பூரா ஆளுங்க. அவ அக்கா காபி போட்டுக்கிட்டு, இதை அறுத்து எல்லாருக்கும் குடுக்கலாமான்னு கேட்டுக்கிட்டு வந்து நிக்கறாங்க. நான் கையிலருந்து புடுங்கி ஃப்ரீசர்ல வச்சுப் பூட்டிட்டேன். ஏன்னு எனக்கே தெரியல. அந்தம்மா பயந்து போயிட்டாங்க.

ஓ, வண்டி நகருது. எதிர் வண்டி போயிடுச்சு போல. அடுத்ததுக்கு அடுத்தது ஆல்ட்டோட்டிங், நீங்க இறங்கிடணும், தூங்கிடாதீங்க. கைத்தடி மேல தட்டுல இருக்கு, மறந்துடாதீங்க. மெழுகுவத்தியா? ஏத்துங்க. உங்க இஷ்டம். இர்மெங்கார்ட்னு சொல்லுங்க, மாதாகிட்ட முழுப் பேரா சொன்னாத்தான் மரியாதை.

இல்ல, வைக்கத்தான் போறேன் சார். இவ்வளவு தூரம் எடுத்துட்டு வந்துட்டு. கோர்பினியன்கிட்ட மட்டும் நேத்தே சொல்லிட்டேன், ஒம்போதரைக்குக் காபி போட்டு வைடான்னு. யாருக்கு என்னன்னு கேக்கவே இல்ல அவன். தொட்டி கழுவி வைக்கறேன்னான்.

ஆனா ஒண்ணு. தின்னு முடிச்சிட்டா அதைப் பத்தி அப்புறம் பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல, அந்த விதிதான் இடிக்குது. காலையில கிளம்பறதுக்கு முன்னாடி கத்தியை எடுத்துட்டு நின்னேன், ஓரத்துல ஒரே ஒரு துண்டு எனக்குன்னு வச்சுக்கலாம், அது இருக்கற வரைக்கும் அவளைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கலாம்னு. எங்க வெட்டினாலும் வரிசை போயிடுது சார். வரிசை போச்சுன்னா அவ சுட்டதுன்னு தெரியாது. கத்தியைக் கழுவி வச்சுட்டு வந்துட்டேன்.